சுகாவின் கல்: போர், சாதி, ஒரு கிராமத்துக் கல்லறை



இங்கிலாந்தின் தென்பகுதியில், ஹாம்ப்ஷயரில், பிராக்கன்ஹர்ஸ்ட் என்றொரு கிராமம் இருக்கிறது. அங்குள்ள புனித நிக்கோலஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் முதல் உலகப் போரில் இறந்தவர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் 93 பேர் நியூசிலாந்துக்காரர்கள். அதே தோட்டத்தில் ஓர் இந்தியரின் கல்லும் நிற்கிறது. அவர் பெயர் சுகா. அவர் துப்பாக்கி பிடித்தவர் அல்ல. காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கான மருத்துவமனையில் துப்புரவுத் தொழிலாளியாக இருந்தவர். தீண்டத்தகாதது என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். 1915 ஜனவரி 12 அன்று, தமது 30ஆம் வயதில் இறந்தார்.

இந்த ஒரு கல்லை ஓர் ஆவணமாக எடுத்துக்கொண்டு இன்று வாசிப்போம். போர் வரலாற்றில் நம் மக்கள் எங்கே நின்றார்கள், எங்கே நிறுத்தப்பட்டார்கள் என்பதை அது நமக்குச் சொல்லும்.

கடல் தாண்டிய சாதி

1914ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இந்திய ராணுவத்தின் லாகூர், மீரட் டிவிஷன்கள் பிரான்சின் மார்செய்ல் துறைமுகத்தில் இறங்கிப் போர்முனைக்குச் சென்றன. காயம்பட்டவர்கள் இங்கிலாந்தின் தென்கரைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பிரைட்டன் நகரத்து அரச மாளிகையே மருத்துவமனையானது. பிராக்கன்ஹர்ஸ்டில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவமனை அமைந்தது. பிரைட்டன் மாளிகையில் மதத்துக்கும் சாதிக்கும் ஏற்ப ஒன்பது சமையற்கூடங்கள் வைத்தார்கள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தண்ணீர்க் குழாய்கள் தனித்தனியாக இருந்தன.

இதைப் பண்பாட்டை மதித்த செயல் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நாம் வேறு விதமாகப் படிக்கிறோம். ஆச்சாரம் கெட்டது என்ற பேச்சு ஊருக்குப் போனால் ஆள்சேர்ப்பு கெடும் என்று அரசு அஞ்சியது. அதனால் சாதியை நிர்வாக விதியாகவே ஏற்றுக்கொண்டது. அந்த விதிப்படி கழிப்பறையைச் சுத்தம் செய்வதற்கென்றே ஒரு சாதியார் வேண்டும். அப்படித்தான் பரேலி நகரத்துக் கங்காப்பூர் மொஹல்லாவைச் சேர்ந்த சுகா இங்கிலாந்து வந்து சேர்ந்தார். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சாஸ்திரம் பேசியவர்கள் சொன்னார்கள். சுகாவின் சாதி மட்டும் கப்பலேறி அவர் கூடவே வந்தது.

மூடிய இரண்டு கதவுகள்

இறந்தவர்களுக்கும் இதே பிரிவினைதான். பிரைட்டனில் இறந்த இந்துக்கள், சீக்கியர்கள் 53 பேர் பேட்சம் அருகே குன்றின்மீது தகனம் செய்யப்பட்டார்கள். அந்த இடத்தில் கட்டிய சத்ரி நினைவு மண்டபம் 1921இல் திறக்கப்பட்டது. முஸ்லிம்களுக்கு வோக்கிங் மசூதிக்கு அருகே ஹார்செல் பொதுவெளியில் அடக்க நிலம் ஒதுக்கப்பட்டது. இந்த இரண்டில் எதிலும் சுகாவுக்கு இடமில்லை. அவர் முஸ்லிம் அல்ல என்று வோக்கிங்கில் மறுத்தார்கள். தீண்டத்தகாதவர் என்று இந்துக்கள் தங்கள் தகன இடத்தில் எரிக்க ஒப்பவில்லை. கடைசியில் பிராக்கன்ஹர்ஸ்ட் பாதிரியார் ஆர்தர் சேம்பர்ஸ் தம் தேவாலயத் தோட்டத்தில் இடம் கொடுத்தார். கிராமத்து மக்கள் கல் நட்டார்கள்.

சேரிப் பிணம் ஊர்த்தெரு வழியே போகக்கூடாது என்ற தடையை நாம் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2019இல் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், நிலத்தின் வழியே பாதை கிடைக்காததால், ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சுகாவின் உடல் காத்துக் கிடந்ததும் இதே தடையின் முன்னால்தான்.

கல் சொல்வதும் சொல்லாததும்

அந்தக் கல்லின் வாசகம் நீளமானது. சுகாவின் ஊர், மொஹல்லா, வயது எல்லாம் அதில் உண்டு. நாட்டையும் வீட்டையும் நண்பர்களையும் விட்டுவந்து எளிய பணியாளராகச் சேவை செய்தார் என்கிறது. அவர் கிறிஸ்தவர் அல்ல, ஆனால் பிறருக்காக உயிர் கொடுத்தார் என்கிறது. எல்லோருக்கும் தந்தையான கடவுள் ஒருவரே என்ற பொருளில் எபேசியர் நிருபத்தின் வசனம் ஒன்றும் இருக்கிறது. இறந்த நம்மவர் ஒருவருக்கு முகவரியோடு ஒரு கல் கிடைத்தது சின்ன விஷயமில்லை. அந்தக் கிராமத்தாருக்கு நம் நன்றி உண்டு.

ஆனால் கவனியுங்கள். முஸ்லிம் அல்ல என்றார்கள், நம் சாதி அல்ல என்றார்கள், கல் வந்து கிறிஸ்தவர் அல்ல என்றது. சுகா யாரெல்லாம் அல்ல என்பது தெரிகிறது. அவர் யார் என்பதை ஒருவரும் எழுதவில்லை.

இந்தக் கேள்வி அப்போதுதான் அரசுக் காகிதங்களில் சூடாக எழுந்திருந்தது. 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்து என்று பதிவாகும் சாதிகளை உரசிப் பார்க்கச் சில அளவுகோல்கள் வைத்தார்கள். கோயிலின் உள்ளே நுழைய முடியுமா? பிராமணப் புரோகிதர் வருவாரா? இறந்தவர்களைப் புதைக்கிறார்களா? இப்படிப் போயின அந்தக் கேள்விகள். தீண்டப்படாதார் பற்றிய தமது 1948ஆம் ஆண்டு நூலில் அண்ணல் அம்பேத்கர் இந்த அளவுகோல்களை எடுத்து விவாதிக்கிறார். வட இந்தியத் துப்புரவுச் சாதியார் பலர் லால் பேக் என்னும் குருவை வழிபட்டவர்கள். இந்து, முஸ்லிம் என்ற எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காத வழிபாடு அது. தமிழ் மண்ணில் அயோத்திதாசப் பண்டிதர், நம்மை இந்து என்று எழுதாதே, சாதிபேதமற்ற திராவிடர் என்று எழுது, நாம் பூர்வ பௌத்தர் என்று வாதாடிக்கொண்டிருந்தார். போர் தொடங்கிய 1914இல்தான் பண்டிதர் மறைந்தார்.

அவர் காகிதத்தில் நடத்திய வழக்குக்கு ஒரு பிணத்தைச் சாட்சியாக வைத்தது பிராக்கன்ஹர்ஸ்ட். தலை எண்ணும்போது எங்களவர் என்று சேர்த்துக்கொண்ட சமூகம், சிதை அடுக்கும்போது அந்நியன் என்றது.

பெயரில்லாதவர்கள்

அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 14 லட்சம் பேர் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆயுதம் ஏந்தாதவர்கள். சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், குதிரைக்காரர், தோல் வேலை செய்பவர், துப்புரவாளர், சுமை கூலிகள் என்று அந்த வரிசை நீளும். ‘ஃபாலோயர்’ என்று, பின்னால் வருகிறவர் என்று, ராணுவம் அவர்களுக்குப் பெயர் வைத்தது. துப்புரவும் தோல் வேலையும் யார் தலையில் விழுந்தன என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

போர்க் கல்லறை ஆணையம் 1917இல் பிறந்தபோது, இறந்தவர்களிடையே பாகுபாடு இல்லை என்பதைக் கொள்கையாக அறிவித்தது. நடந்தது வேறு. 1929இல் திறந்த பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. கீழ்நிலைச் சிப்பாய்களுக்கு எண்ணிக்கை மட்டும்தான். இந்தப் பாகுபாட்டை ஆணையமே 2021இல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர் முதலியோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமின்றி நினைவுகூரப்பட்டார்கள் என்றது. குறைந்தது 1,16,000 பேருக்கு, ஒருவேளை 3,50,000 பேர் வரைக்கும், பெயர்ப் பதிவோ நினைவோ இல்லை என்றது. சிப்பாய்க்கே இந்தக் கதி என்றால் ஃபாலோயருக்கு என்ன மிச்சமிருக்கும்?

நம் போர்நினைவு பெரும்பாலும் கொரேகானைச் சுற்றியே நிற்கிறது. 1818 போரின் அந்தத் தூணுக்கு முன் 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் போய் நின்றார், நாமும் போகிறோம். அது சரியானதே. ஆனால் ஆயுதம் எடுத்தவருக்கு மட்டும்தான் மரியாதை என்றால் துடைப்பம் எடுத்தவரை நாமே இரண்டாம் முறை ஒதுக்குகிறோம். வீரம் என்ற அளவுகோலை ராணுவத்திடமிருந்து அப்படியே கடன் வாங்க வேண்டாம். சுகா செய்த வேலை இல்லாமல் அந்த மருத்துவமனை ஒருநாளும் நடந்திருக்காது.

அந்த வேலை இன்றும் தொடர்கிறது. 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்தவர்களைக் கணக்கெடுத்து, குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. செத்தவரின் பெயரையும் ஊரையும் தேதியையும் எழுதி வைத்தால்தான் அந்த உரிமையைக் கேட்க முடியும். பட்டியல் இல்லாத இடத்தில் இழப்பீடும் இல்லை, குற்றவாளியும் இல்லை.

ஆகவே மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். பிராக்கன்ஹர்ஸ்ட் கிராமத்தார் ஓர் அந்நியருக்குச் செய்ததை நாம் நம்மவர்க்குச் செய்வோம். சேரிகளில் பட்டாளத்துக்குப் போனவர்கள் யார், என்ன வேலைக்குப் போனார்கள், திரும்பினார்களா என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பழைய பென்ஷன் காகிதங்களைத் தேடுங்கள். உங்கள் நகரத்தில் சாக்கடையில் இறந்தவர்களின் பெயர்களையும் அதே நோட்டில் எழுதுங்கள். சுகாவின் கல்லில் இல்லாமல் போன ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள்: அவர் யார், எந்த மக்களைச் சேர்ந்தவர் என்பதை.

ஜெய்பீம்.