வளர்த்தால் மட்டும் போதுமா? மகவேற்பும் வளர்ப்புப் பராமரிப்பும் பற்றி இலங்கைச் சட்டம் சொல்வது

பிள்ளையில்லாத அக்காவின் வீட்டில் தங்கையின் மூன்றாவது பிள்ளை வளர்வது எமது ஊர்களில் புதிய விடயமல்ல. போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர் அம்மம்மாவிடமும் மாமாவிடமும் வளர்ந்து ஆளானார்கள். யாரும் நீதிமன்றம் போகவில்லை. சிக்கல் பிறகுதான் வருகிறது. பாடசாலை அனுமதி, கடவுச்சீட்டு, வளர்த்தவர் காலமான பின் காணி என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வி எழுகிறது: இந்தப் பிள்ளைக்கு நீங்கள் யார்?

இந்தக் கேள்விக்குச் சட்டம் ஏற்கும் பதில், மாவட்ட நீதிமன்றம் வழங்கும் மகவேற்புக் கட்டளை மட்டுமே.

1941ஆம் ஆண்டின் சட்டம்

இலங்கையில் மகவேற்பை ஆள்வது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளை மகவேற்புக் கட்டளைச் சட்டம். பின்னர் திருத்தங்கள் வந்தாலும் அதன் அடித்தளம் மாறவில்லை. பிள்ளையை ஏற்க விரும்புபவர் 25 வயதைக் கடந்தவராகவும், பிள்ளையைவிடக் குறைந்தது 21 வயது மூத்தவராகவும் இருக்க வேண்டும். சகோதரரின் பிள்ளை போன்ற நெருங்கிய உறவென்றால் இந்த வயது நிபந்தனையை நீதிமன்றம் தளர்த்தலாம். தனி ஆண் ஒருவர் பெண் பிள்ளையை ஏற்பதற்கு விசேட காரணம் காட்ட வேண்டும்.

பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் சம்மதம் அவசியம். 10 வயதைக் கடந்த பிள்ளையென்றால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். நீதிமன்றம் அனுமதித்ததைத் தவிர எந்தப் பணமும் கைமாறக்கூடாது. குடும்பத்தின் நிலையை விசாரித்து நன்னடத்தை உத்தியோகத்தர் அறிக்கை சமர்ப்பிப்பார். நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் 13ஆவது திருத்தத்தின் கீழ் மாகாண சபைகளுக்குரிய விடயங்கள். எனவே, வடக்கிலோ கிழக்கிலோ இருப்பவர் முதலில் நாட வேண்டியது தமது மாகாணத் திணைக்களத்தையே.

கட்டளை கிடைத்ததும் பதிவாளர் நாயகத்தின் மகவேற்புப் பதிவேட்டில் பிள்ளையின் விபரம் ஏறும். அதன் பின் அப்பிள்ளை வளர்ப்புப் பெற்றோருக்குத் திருமணத்தில் பிறந்த பிள்ளையாகவே கருதப்படும்.

இந்த வழியைச் சுற்றிப்போகச் சிலர் செய்வது, பிறப்புப் பதிவிலேயே தம்மைப் பெற்றோராகக் காட்டுவது. இது குற்றம். அதைவிடப் பெரிய பாதிப்பு பிள்ளைக்கே. நீதிமன்றக் கட்டளை இருந்தால், பிள்ளை எங்கிருந்து வந்தது என்பதற்கு எங்கோ ஒரு பதிவு இருக்கும். பொய்ப் பதிவில் அந்தத் தடம் அழிந்துவிடுகிறது.

வழமைச் சட்டங்களும் சொத்தும்

1941க்கு முன்பும் இங்கு மகவேற்பு இருந்தது. தேசவழமையில் உறவினரின் சம்மதத்தோடு மஞ்சள் நீர் அருந்தும் சடங்கு இடம்பெற்றது. கண்டியச் சட்டத்தில், சொத்துரிமைக்காகப் பிள்ளையை ஏற்பதாயின் அது நொத்தாரிசு முன் எழுத்தில் இருக்க வேண்டும் என 1938ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கூறியது. தேசவழமையின் சடங்கு இன்று வழக்கில் இல்லை. ஆனால் 'ஊருக்கே தெரியும்' என்ற நம்பிக்கை மட்டும் மாறவில்லை. ஊருக்குத் தெரிந்திருப்பது காணி வழக்கில் போதுமான சான்றாகாது.

முஸ்லிம் குடும்பங்களின் நிலை வேறு. இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டத்தில் வளர்ப்புப் பிள்ளை இயல்பான வாரிசல்ல. வளர்த்தவர் உயிரோடு இருக்கும்போதே நன்கொடையாகக் கொடுக்கலாம். இல்லையென்றால் மரணசாசனம் எழுதலாம். இரண்டையும் தள்ளிப்போட்டால் பிள்ளை வெறுங்கையோடு நிற்கும்.

வளர்ப்புப் பராமரிப்பு: பலவீனமான இடம்

மகவேற்பு நிரந்தரமானது. வளர்ப்புப் பராமரிப்பு தற்காலிகமானது. பெற்றோரின் உரிமை அதில் முற்றாக அறுவதில்லை. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையைத் 'தகுதியான ஆள்' ஒருவரிடம் ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. சுனாமிக்குப் பின், 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக வளர்ப்புப் பராமரிப்பை ஒழுங்குபடுத்தியது. அதில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு முக்கிய பங்கு வழங்கப்பட்டது. ஆனால் அது ஓர் அனர்த்தத்துக்கான சட்டம் மட்டுமே.

நடைமுறையில், வீட்டில் இருக்க முடியாத பிள்ளைக்கு முதலில் திறப்பது சிறுவர் இல்லத்தின் கதவுதான். அங்கிருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருக்கிறார். வறுமை, தாயின் வெளிநாட்டு வேலை, குடும்பப் பிரிவு போன்றவையே அவர்களை அங்கு கொண்டுவருகின்றன. அவர்களுக்குத் தேவை புதிய பெற்றோரல்ல. சொந்த வீட்டுக்கான உதவியோ, சில காலத்துக்கு ஓர் உறவினரின் வீடோதான்.

சம்மதம் போலியானபோது

சட்டம் எழுத்தில் இருந்தும் கண்காணிப்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1980கள் சாட்சி. அக்காலத்தில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் நெதர்லாந்து, சுவிற்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளுக்கு மகவேற்பில் கொடுக்கப்பட்டனர். தாயின் சம்மதம் வேண்டும் என்று சட்டம் கேட்டது. தரகர்கள் அதற்கு ஒரு தாயையே 'தயாரித்தார்கள்'. பணம் பெற்ற வேறொரு பெண் தாயாக நடித்துப் பிள்ளையைக் கையளித்தார். ஆவணங்களில் எல்லாம் சரியாகவே இருந்தது.

1992ஆம் ஆண்டின் திருத்தம் வெளிநாட்டவருக்கான வழியை இறுக்கியது. அரச இல்லங்களிலும் பதிவு செய்யப்பட்ட இல்லங்களிலும் உள்ள பிள்ளைகளை மட்டுமே அவர்கள் ஏற்கலாம் என்றானது. நாடுகளுக்கிடையிலான மகவேற்பு பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் சமவாயத்தை முதலில் ஏற்ற நாடுகளில் இலங்கையும் ஒன்று. அது 1995 மே முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. 2021இல் நெதர்லாந்தின் விசாரணைக் குழுவொன்று, இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த மகவேற்புகளில் பாரிய முறைகேடுகள் இருந்ததை வெளிப்படுத்தியது. அன்று கொண்டுசெல்லப்பட்ட குழந்தைகள் இன்று நாற்பது வயதைத் தொடுகிறார்கள். பெற்ற தாயைத் தேடி வருபவர்கள் கையில் இருப்பது, பிழையான பெயர் எழுதப்பட்ட பத்திரம்.

செய்ய வேண்டியது

உறவினர் பிள்ளையை வளர்ப்பவர்கள் இன்றே மாகாண நன்னடத்தை அலுவலகத்தில் ஆலோசனை பெறலாம். நிரந்தரமாக ஏற்கும் எண்ணமில்லாவிட்டாலும் வழி உண்டு. பிறர் பிள்ளையைப் பராமரிப்பவர்கள் தம்மைப் பராமரிப்பாளராகப் பதிவு செய்வதற்கும் அதே 1941 சட்டத்தில் ஏற்பாடு இருக்கிறது. அந்தச் சட்டத்தின் மூல வாசகம் 14 வயதுக்குட்பட்டவரையே பிள்ளையாகக் கொள்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. 'பிறகு பார்ப்போம்' என்று விட்டால் பிள்ளை அந்த வயதைத் தாண்டிவிடும்.

அன்பாக வளர்ப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லைத்தான். ஆனால் வளர்த்தவர் இல்லாத ஒரு நாளில் அந்தப் பிள்ளைக்காகப் பேசப்போவது அந்தக் கட்டளையே.