அம்பாப் பாட்டும் சமூக வானொலியும்

தோணியைக் கடலில் இறக்கும்போதும், தண்டு வலிக்கும்போதும், கரைவலை இழுக்கும்போதும் மீனவர்கள் பாடும் தொழிற்பாட்டுக்கு அம்பாப் பாட்டு என்று பெயர். தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் இலங்கையின் வடக்கு, கிழக்குக் கரைகளிலும் இது வழங்கி வந்திருக்கிறது. படகைக் குறிக்கும் 'அம்பி' என்ற பழஞ்சொல்லோடு இப்பெயரைத் தொடர்புபடுத்துவோர் உண்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் 'ஏலேலோ' என்றோ 'ஐலசா' என்றோ வாங்கிப் பாடுவார்கள். எடுத்துக் கொடுப்பவரின் அடி சாமி, சம்சாரம், மீன், மழை, கேலி என்று போகிற போக்கில் மாறிக்கொண்டே இருக்கும். வாங்குபவர்களின் ஒலி மாறாது. அந்த மாறாத ஒலி விழும் இடத்தில்தான் அத்தனை தோள்களும் ஒரே நொடியில் கயிற்றை இழுக்கும்.

இந்தப் பாட்டும், இதற்கு அக்கம்பக்கமாக நகரத்தில் வளர்ந்த கானாவும், வானொலியிலும் பாட்காஸ்ட் எனப்படும் வலையொலியிலும் ஏறிய கதை நூறாண்டுக்கும் குறைவான கதை. பாடியவரின் பெயரையும் ஊரையும் ஒலிபெருக்கி சொல்லத் தொடங்கியது அதில் இன்னும் அண்மைக் காலத்தில்தான்.

ஏரிக்கரை

இந்தக் கதையைப் பழவேற்காடு ஏரியிலிருந்து தொடங்கலாம். ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். வடக்குத் தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தென்முனையும் அங்கே கடலோடு சேரும் முகத்துவாரமும் தமிழ்நாட்டில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா. இங்கே ஒரு கரையில் தமிழும் மறுகரையில் தெலுங்கும் கேட்கும்.

இந்த ஏரியில் 'பாடு' என்று சொன்னால் அது பாட்டு அல்ல. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை வைப்பது என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாட்டுக்குத்தான் இங்கே பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் முதலிய ஊர்களின் பட்டினவர் சமூகத்தார் இதை ஊர்க்கட்டுப்பாட்டோடு நடத்தி வந்திருக்கிறார்கள். வலைக்குக்கூட முறை வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிடும் ஊர் இது.

ஏரியின் எல்லாத் தொழிலுக்கும் பாட்டு இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. இந்த ஏரியிலும் தெற்கே எண்ணூர்க் கழிமுகத்திலும் இருளர் பெண்கள் மார்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலையாக இருக்கும். பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வது அவர்கள் வழக்கம். பல மணி நேரம் அப்படியே நகர்வார்கள். பல்லில் பறியைக் கடித்துக்கொண்டிருப்பவருக்குப் பாட வாய் ஏது? கூட்டாக ஒரு கயிற்றை இழுக்கிற வேலைக்குத்தான் அம்பா வேண்டும். தனியாகத் துழாவுகிற வேலைக்கு மௌனம்தான் துணை. கடலோர இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த மௌனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய வணிகக் கம்பெனியின் ஆட்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பேரும் தேதியும் குடும்பச் சின்னமும் கல்லில் அழகாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கப்பல்களுக்கும் கரைக்கும் நடுவே தண்டு வலித்தவர்கள் பாடிய பாட்டில் ஒன்றுக்குக்கூடப் பாடியவர் பெயர் நம்மிடம் இல்லை.

இயந்திரம் வந்த பிறகு

கரைவலை இழுப்பதைக் கிட்டே நின்று பார்த்தால் அம்பாவின் இலக்கணம் விளங்கும். படகு கரையில் ஒரு கயிற்று முனையை விட்டுவிட்டு, கடலுக்குள் அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே போய், தள்ளி வேறோர் இடத்தில் மறுமுனையைக் கொண்டுவந்து சேர்க்கும். இரண்டு முனையிலும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். மணலில் குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து, இரண்டு எட்டு வைத்து, மீண்டும் ஊன்றுவார்கள். இரு அணிகளும் ஒரே வேகத்தில் இழுத்தால்தான் வலை கோணாமல் வரும். தொலைவில் நிற்கிற மறு அணிக்கு வேகத்தைச் சொல்லுவதும் பாட்டுதான். மீன் சேரும் வலையின் மடி கரையை நெருங்க நெருங்க அடி குறுகும், பாட்டு விரையும், கடைசியில் சொல்லே இல்லாமல் வெறும் கூவலாகிவிடும்.

தண்டு போய் வெளிப்பொருத்து மோட்டார் வந்தது. வலை இழுக்கவும் படகைக் கரையேற்றவும் பல ஊர்களில் டிராக்டர் வந்தது. உடம்பு நோவு குறைந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் டீசல் எஞ்சினுக்கு அம்பா தேவைப்படவில்லை. வேலை போனதும் வேலைக்கென்று இருந்த பாட்டும் போகத் தொடங்கியது. எழுத்தில் சில தொகுப்புகள் அதைப் பிடித்து வைத்தன. 1871-இல் சார்லஸ் கோவர் வெளியிட்ட தென்னிந்திய நாட்டுப்பாடல் தொகுப்பு முதல், கி.வா.ஜகந்நாதனின் 'மலை அருவி', நா.வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' வரை நம் தொகுப்பாளர்கள் செய்த பணி பெரிது. ஆனாலும் அச்சில் ஏறியது சொல் மட்டும்தான். மூச்சு எங்கே இழுத்தது, எங்கே விட்டது என்பதை அச்சு சொல்லாது.

வானொலிக்கு முன்னும் பின்னும்

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-இல் தொடங்கியது. கிராமிய நிகழ்ச்சிகளுக்கு அது தொடக்கத்திலிருந்தே இடம் கொடுத்தது. சிவகங்கைப் பக்கத்துக் கொல்லங்குடியைச் சேர்ந்த கருப்பாயி வானொலியில் பாடியதன் வழியாகவே வெளியே தெரிய வந்தார். அதன் பிறகுதான் பாண்டியராஜன் இயக்கிய 'ஆண் பாவம்' (1985) படத்தில் நடித்துப் பாடினார். அவரை நாடு முழுதும் அறிந்தது சினிமாவால் என்றாலும் முதலில் ஊரும் பேரும் சொல்லி அறிவித்தது வானொலி. அவர் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதே அந்த அறிவிப்பின் தடம்.

கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததும் இதோடு சேர்த்துச் சொல்லத்தக்கது. தமிழகத்துச் சினிமாப் பாட்டு வெள்ளமாக வந்துகொண்டிருந்த இலங்கையில், ஈழத்துப் பாடகர்கள் தங்கள் பேச்சுத் தமிழில் துள்ளல் மெட்டில் பாடிய பொப்பிசை எழுந்தது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ.மனோகரனின் 'சுராங்கனி' இரண்டும் அதன் அடையாளங்கள். மீன் கொண்டுவருவதைப் பற்றிய சுராங்கனி, போர்த்துக்கீசியர் விட்டுப்போன பைலா மெட்டில் அமைந்தது. 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதை எடுத்தாண்டார். ஒரு தீவின் உள்ளூர்ப் பாட்டு எதிர்த்திசையில் நீந்திக் கரைசேர்ந்த நிகழ்ச்சி அது. 2018 ஜனவரியில் சென்னையில் மறைந்த மனோகரனைச் 'சிலோன் மனோகர்' என்றே இங்கே எல்லாரும் அழைத்தார்கள். இவருக்கும் வந்த இடத்தின் பெயர்தான் முன்னொட்டு.

சமூக வானொலி

அலைவரிசை அரசின் சொத்து அல்ல, பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றிய வழக்கு அது. மீனவர் பாட்டுக்குக் கதவு திறந்தது ஒரு கிரிக்கெட் வழக்கு என்பது வரலாற்றின் விநோதங்களில் ஒன்று. 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. 2004 பிப்ரவரி 1-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4 மெகாஹெர்ட்ஸ் நிலையம் தொடங்கியது; இந்தியாவின் முதல் வளாகச் சமூக வானொலி அது. அதே மாதத்தில்தான் லண்டன் கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி 'பாட்காஸ்டிங்' என்ற சொல்லை முதன்முதலில் எழுதினார். ஒருபக்கம் அடுத்த தெருவுக்குக் கேட்கிற வானொலி, மறுபக்கம் அடுத்த கண்டத்துக்கும் கேட்கிற ஒலிக்கோப்பு, ஒன்று தொடங்கிய மாதத்திலேயே மற்றொன்று பேர் பெற்றது.

2006 நவம்பரில் தன்னார்வ அமைப்புகளுக்கும் உரிமம் தரலாம் என்று கொள்கை விரிந்தது. 2008 அக்டோபர் 15-இல் அன்றைய ஆந்திரத்தின் பஸ்தாபூரில் தலித் பெண் விவசாயிகள் நடத்தும் சங்கம் ரேடியோ ஒலிக்கத் தொடங்கியது. விதைப்பு, நடவு, அறுவடைப் பாட்டுகளை அவர்கள் தாங்களே பதிந்து தாங்களே ஒலிபரப்பினார்கள்.

கடற்கரைக்கு அந்த வாய்ப்பு வந்தது ராமேசுவரம் தீவில். பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15-இல் 'கடல் ஓசை' 90.4 தொடங்கியது. மீனவர்களுக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் சமூக வானொலியாக இது அறியப்படுகிறது. ஆம்ஸ்ட்ராங் பெர்னாண்டோ முன்னின்று உருவாக்கியது. காற்று, அலை, புயல் எச்சரிக்கை, மீன்பிடி விதிகள் ஆகியவற்றோடு கரையோர மக்களின் பேச்சும் பாட்டும் சேர்ந்து ஒலிக்கின்றன. பருவநிலை மாற்றத்தைக் கடல்காரர்களின் மொழியிலேயே பேசும் அதன் நிகழ்ச்சிக்குச் 'சமுத்திரம் பழகு' என்று பெயர். பெயரைப் பாருங்கள்: கடலோடு பழகச் சொல்கிற குரலை வெளியூர் அறிஞரிடம் கேட்காமல், கடலோடு பழகியவரிடமே கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

தொழில்நுட்பம் எளியது. விதிப்படி ஒலிபரப்பியின் பயனுறு கதிர்வீச்சு ஆற்றல் பொதுவாக 100 வாட். ஆன்டெனா உயரம் 30 மீட்டருக்குள். சமதளத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கேட்கும். 60 கிலோமீட்டர் நீண்ட பழவேற்காடு ஏரியை ஒரே நிலையம் மூட முடியாது. தென்முனையில் வைத்தால் வடமுனைக்குக் கேட்காது. நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி உள்ளூரில், உள்ளூர் மக்கள் பங்கேற்போடு தயாரானதாக இருக்க வேண்டும் என்கிறது கொள்கை. இந்தப் பாதிக் கணக்குதான் அம்பா பாடுகிறவரைத் தேடி ஒலிப்பதிவுக் கருவியை நடக்க வைக்கிறது. சினிமாப் பாட்டுக்கு உரிமைக் கட்டணம் உண்டு; ஊர்ப் பாட்டுக்கு அந்தச் செலவு கிடையாது. ஆனால் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. பாட்டு ஊருக்குப் பொது என்றாலும் அதைப் பாடிய குரலுக்குக் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு 50 ஆண்டு நிகழ்த்துநர் உரிமை கொடுத்திருக்கிறது. பதிவு செய்யும் முன் கேட்டு ஒப்புதல் வாங்குவது மரியாதை மட்டுமன்று, சட்டமும்கூட.

கானா

ஏரிக்குத் தெற்கே, எண்ணூர் தாண்டிக் காசிமேடு, ராயபுரம், புளியந்தோப்பு என்று வடசென்னை தொடங்குகிறது. இங்கே உழைப்பாளர் குடியிருப்புகளில் சாவு வீட்டிலும் தெருமுனையிலும் வளர்ந்த பாட்டு கானா. அம்பாவைப் போலவே இதிலும் அந்த இடத்தில், அந்த ஆளுக்கென்று அடி கட்டுகிற திறமைதான் முதல். மிஷ்கினின் 'சித்திரம் பேசுதடி' (2006) படத்தில் கானா உலகநாதன் மீன்களின் கல்யாணத்தைப் பாடித் திரையிலும் தோன்றினார். மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பாடகரை வெளியே நிறுத்தும் வழக்கத்துக்கு அது ஒரு விலக்கு.

மற்ற இசைகளும் குப்பத்தைத் தேடி வந்தன. 2015-இல் பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் குடியிருப்பு நடுவே கர்நாடக இசையும் பறையும் கூத்தும் ஒரே மேடையில் நடந்த விழாவை கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் ஊராரோடு சேர்ந்து தொடங்கினார்கள். 2017 ஜனவரியில் எண்ணூர்க் கழிமுகம் சீரழிவதைப் பாடிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்', கபேர் வாசுகியின் வரிகளில் இணையத்தில் வெளியானது. 2018 ஜனவரி 6-இல் திரைப்பட இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் முதல் மேடை ஏறியது. அதில் கானாப் பாடகர்கள் ஓரத்தில் நிற்கவில்லை, நடுவில் நின்றார்கள்.

     

பதிவு செய்யும் முறை

வலையொலி வந்த பிறகு உரிமமும் ஆன்டெனாவும் இல்லாமலே ஊர்ப் பாட்டைப் பரப்ப முடிகிறது. கைப்பேசியே போதும். கடற்கரையில் பெரிய எதிரி காற்று. ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை போடாவிட்டால் பாட்டுக்குப் பதில் இரைச்சல்தான் பதியும். உப்புக்காற்று கருவியின் உலோக முனைகளை அரிக்கும் என்பதால் வேலை முடிந்ததும் துடைத்து மூடி வைக்க வேண்டும். பாட்டுக்கு முன்னால் பாடுகிறவரின் பெயர், ஊர், எந்தத் தொழிலில் பாடியது, யாரிடம் கற்றது என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவதே நல்ல முறை. எழுத்தில் ஒட்டிய குறிப்பு கோப்பிலிருந்து பிரிந்து போகும்; குரலில் ஒட்டியது போகாது.

இன்னொன்றும் உண்டு. ஒலிப்பதிவுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் அம்பா வராது. நடை தளரும், அடி மறக்கும், ஐலசா எங்கே விழுவது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அப்போது எழுந்து வெளியே போய், ஒரு கயிற்றை எங்காவது கட்டி, மறுமுனையை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். குதிகால் மணலில் ஊன்றியதும் பாட்டு தானாக வரும்.