கரையொதுங்கிய ஆழ்கடல் மீனும் வரலாற்றுச் சான்றும்

ஆழ்கடல் மீனொன்று கரையொதுங்குதல் இயற்கை நிகழ்ச்சி. கரையில் நின்ற ஒருவர் அதனை எழுதிவைத்தபோதே அது வரலாற்றினுள் வருகின்றது. உடல் சில நாள்களில் அழுகிவிட, எழுத்தே எமக்கு எஞ்சுகின்றது. அவ்வெழுத்தை எத்துணை நம்பலாம் என்ற வினாவைத் துடுப்புமீன் பற்றிய பதிவுகள் சிலவற்றைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமது சாவாளையைப் போன்று நாடாவாய் நீண்ட வெள்ளி நிற உடல். முதுகு நெடுகிலும் செந்நிறச் செட்டை. தலைமேற் கொண்டையென எழும் நீண்ட செந்நிறக் கதிர்கள். இதுவே துடுப்புமீன். பல மீற்றர் நீளத்துக்கு வளரும் இம்மீன் சில நூறு மீற்றர் ஆழத்தில் வாழ்வது. இது மேற்பரப்புக்கு வருவது பெரும்பாலும் சாகும் தறுவாயிலேயாம். எனவே இதனைக் கண்டவர் மிகச் சிலர்; கண்ட சிலரும் வாழ்நாளில் ஒருமுறையே கண்டனர்.

விஞ்ஞானத்தில் இம்மீன் முதலிற் பெயர்பெற்றது 1772 இல் ஆகும். நோர்வேயின் கிளெஸ்வேர் என்னுமிடத்து மீனை அஸ்கானியசு என்பார் விவரித்து, 'ரெகாலெக்கஸ் கிளெஸ்னே' எனப் பெயரிட்டார். ஹெரிங் மீன்களின் அரசன் என நோர்வே மீனவர் வழங்கிய பெயரே இலத்தீன் உருப்பெற்றது. மீனவரின் பெயர்கள் ஏட்டில் இல்லை. அவர்களின் சொல் மட்டும் ஏறியிருக்கின்றது. சோழமண்டலக் கரைக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. விசாகப்பட்டினத்து மீன்கள் இருநூற்றைப் படங்களுடன் விவரித்துப் பற்றிக் றசல் 1803 இல் இலண்டனில் வெளியிட்ட நூலை ஆதாரமாகக் கொண்டே, கூவியே 1816 இல் இன்னோர் இனத்துக்கு றசலின் பெயரைச் சூட்டினார்.

1860 சனவரி 22 இல் பேமுடாத் தீவின் ஹங்ரி விரிகுடாவில் ஒரு மீன் ஒதுங்கிற்று. அது கடற்பாம்பு என்றே செய்தி பரவியது. கடற்பாம்புக்குப் பிடரிமயிர் உண்டு என்ற கதை கடலோடிகளிடையே வழங்கிய காலம் அது. செந்நிறக் கொண்டையைக் கண்டவர் வேறு எதனை நினைத்திருப்பர்? ஆயின் அம்மீன் அளக்கப்பட்டது. நீளம் 16 அடி 7 அங்குலம். உள்ளூர் இயற்கையியலாளர் யோன்சு எழுதிய விவரணம் இலண்டனில் அச்சாயிற்று. ஆகவேதான் அது துடுப்புமீனே எனப் பின்வந்தோர் தெளிய முடிந்தது. கண்டவரின் விளக்கம் தவறு. எனினும் நாளும் இடமும் அளவும் நின்றமையால் அவர்களது சாட்சியம் பயன்பட்டது.

இதற்கு நேர்மாறானது ஒரு புகைப்படத்தின் கதை. 1996 செப்டெம்பரில் கலிபோர்ணியாவின் கொறொனாடோக் கடற்கரையில் ஒதுங்கிய, ஏறத்தாழ 23 அடி நீளமான துடுப்புமீனை அமெரிக்கக் கடற்படையினர் வரிசையாய் நின்று தாங்கியிருக்கும் காட்சி அது. 1997 இல் கடற்படைச் சஞ்சிகையொன்றில் வெளியான அப்படத்தில் எவ்விதப் பொய்யுமில்லை. அதுவே பின்னர் தாய்லாந்திலும் லாவோசிலும் வேறு தலைப்புடன் விற்கப்பட்டது: 1973 இல் மீகொங் நதியில் அமெரிக்கப் படையினர் பிடித்த நாக அரசி! மீகொங்கில் நாகம் உறைகின்றது என்பது அம்மக்களின் பழைய நம்பிக்கை. லாவோசில் அமெரிக்கா நடத்திய போரோ அண்மைக்கால அனுபவம். இரண்டும் ஒரு மீனின் உடலிற் சந்தித்தன. இதனை வெறும் மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடுதல் வரலாற்று மாணவனுக்கு அழகன்று. அந்நியப் படை நாட்டின் காவற்றெய்வத்தையும் கவர்ந்து சென்றது என்ற உணர்வுக்கு இப்படம் நல்ல சான்று. மீனுக்கு மட்டும் அது சான்றாகாது.

யப்பானில் இம்மீனின் பெயர் 'ரியூகூ நோ த்சுகாய்'. கடலடி நாகராசனின் மாளிகைத் தூதன் என்பது பொருள். இது தோன்றினால் நிலம் நடுங்கும் என்ற நம்பிக்கையும் அங்குண்டு. 2009, 2010 ஆம் ஆண்டுகளிற் பல மீன்கள் ஒதுங்கின. 2011 மார்ச் 11 இல் பெருநடுக்கமும் ஆழிப்பேரலையும் நேர்ந்தன. அழிவைக் கண்ட மனம் முன்னைய மீன்களைத் தேடி இணைத்தல் இயல்பே. ஒதுங்கியும் நடுக்கம் வராத நாள்களை எவர் நினைவிற் கொள்வர்?

நினைவை விடுத்துப் பதிவுகளை நாடினர் ஒரிஹாரா முதலியோர். 2019 இல் வெளியான அவர்களது ஆய்வு பழைய பத்திரிகைகளையும் மீன்காட்சிச்சாலைக் குறிப்புகளையும் துருவி, 1928 முதல் 2011 வரையில் ஆழ்கடல் மீன்கள் காணப்பட்ட 336 நிகழ்வுகளைத் திரட்டிற்று. அதே காலத்தின் 221 பெரு நடுக்கங்களுடன் அவற்றை ஒப்பிட்டபோது, பொருந்தியது ஒன்றே ஒன்று: 2007 இல் நீகாட்டாவில் நிகழ்ந்தது. வினோதச் செய்தியென்றே அச்சிட்டிருப்பினும், எதனோடும் பொருந்தாத அம்மீன்களையும் நாள், இடம் தவறாது பத்திரிகைகள் குறித்து வைத்திருந்தமையாலேயே இக்கணக்கு இயன்றது.