சாகினா பவர் ஸ்டீயரிங் பம்பு

சாகினா பவர் ஸ்டீயரிங் பம்பு என்பது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்சு நிறுவனத்தின் பழைய சீருந்துகளில் பரவலாகப் பொருத்தப்பட்ட நீரியல் பம்பு ஆகும். மிச்சிகன் மாநிலத்தின் சாகினா நகரில் இயங்கிய அந்நிறுவனத்தின் திசைமாற்றிப் பிரிவு இதனைத் தயாரித்தது. 1960களிலும் 1970களிலும் செவ்ரோலெட், பான்டியாக், பியூக் முதலிய சீருந்துகளில் இது இடம்பெற்றது. பழைய சீருந்துகளைப் பேணுவோர் இதனைக் கழற்றிப் புதுப்பித்து மீண்டும் பயன்படுத்துகின்றனர்.

வரலாறு

அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிசு டேவிசு 1926 ஆம் ஆண்டில் பியர்சு-ஏரோ சீருந்து ஒன்றில் நீரியல் திசைமாற்றியைப் பொருத்தி இயக்கிக் காட்டினார். விற்பனைக்கு வந்த பயணிகள் சீருந்துகளுள் 1951 ஆம் ஆண்டின் கிரைசுலர் இம்பீரியல் இவ்வசதியை முதலில் பெற்றது. சாகினா பிரிவு பிற்காலத்தில் நெக்சுடீர் என்னும் பெயரைப் பெற்றது.

அமைப்பும் இயக்கமும்

விசைப்பொறியின் சுழற்சி பெல்ட் வழியாகப் பம்பின் கப்பியை வந்தடைகிறது. உள்ளே பள்ளங்கள் கொண்ட சுழலியும் அப்பள்ளங்களில் நழுவும் 10 தகட்டிதழ்களும் உள்ளன. சுழலும்போது இதழ்கள் வெளித்தள்ளப்பட்டு, சுற்றியுள்ள வளையத்தின் உட்சுவரைத் தொட்டுச் செல்கின்றன. உட்சுவர் முழு வட்டமாக இல்லாததால் இதழ்களுக்கிடையிலான இடம் விரிந்து எண்ணெயை உறிஞ்சி, பின் சுருங்கி அதனை அழுத்தத்துடன் வெளியேற்றுகிறது. ஒரு சுற்றில் இது இருமுறை நிகழ்கிறது. பொறி வேகமாக ஓடும்போது மிகையாகும் எண்ணெயை ஓட்டக்கட்டுப்பாட்டு வால்வு திருப்பி அனுப்புகிறது. எண்ணெய்க்கலன் பம்பின் பின்புறத்தை மூடியவாறு அமைந்துள்ளது.

பழுதின் அறிகுறிகள்

முனகல் ஒலி, கனமான திசைமாற்றி, நுரைத்த எண்ணெய், கசிவு ஆகியன பொதுவான அறிகுறிகளாகும். தளர்ந்த பெல்ட், குறைந்த எண்ணெய், பழுதான குழாய் ஆகியவையும் இவற்றை உண்டாக்கும் என்பதால், பம்பைக் கழற்றும் முன் அவற்றைச் சோதிக்க வேண்டும். கசியும் எண்ணெய் சூடான புகைபோக்கிக் குழாய்மீது விழுந்தால் தீப்பற்றக்கூடும். எனவே சிறு கசிவையும் புறக்கணித்தல் ஆகாது.

கழற்றுதல்

பொறி குளிர்ந்த பின் மின்கல இணைப்பு நீக்கப்படுகிறது. அடியில் தட்டு வைத்து, முதலில் திரும்புகுழாயும் பின்னர் அழுத்தக்குழாயும் கழற்றப்படுகின்றன. தூசி நுழையாதபடி குழாய் முனைகளை அடைத்தல் வேண்டும். பெல்ட்டைத் தளர்த்தி எடுத்தபின் தாங்கிகளின் திருகுகளை நீக்கிப் பம்பை வெளியே எடுக்கலாம்.

சில கப்பிகள் மரையால் பிணைக்கப்பட்டவை; வேறு சில தண்டில் இறுக்கமாகச் செருகப்பட்டவை. இரண்டாம் வகைக்குக் கப்பியின் கழுத்தைப் பற்றி இழுக்கும் தனிக்கருவி தேவை. நெம்பினால் கப்பி கோணிவிடும்.

புதுப்பித்தல்

பின்புறத் திருகுகளையும் இணைப்பியையும் கழற்றினால் வால்வும் அதன் சுருளும் வெளிவரும். கலனை மென்மையான சுத்தியலால் தட்டி விடுவிக்கலாம். உடலிலுள்ள சிறு துளை வழியே ஊசியைச் செலுத்தித் தடுப்பு வளையத்தை எடுத்தபின் மூடித்தகடு, அழுத்தத்தகடு, வளையம், சுழலி ஆகியன வெளிவருகின்றன. ஒவ்வொன்றும் எப்பக்கம் நோக்கியிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் சிறு காந்தத்தில் படிந்த உலோகத்தூளின் அளவு தேய்மானத்தைக் காட்டும்.

வளையத்தின் உட்சுவரிலோ தகடுகளிலோ ஆழமான கீறல் இருந்தால், சீல்களை மட்டும் மாற்றுவதால் பயனில்லை. அப்பாகங்களையோ முழுப் பம்பையோ மாற்றவேண்டும். தண்டில் சீல் உரசும் பகுதி வழவழப்பாக இருத்தல் அவசியம். ஓட்டக்கட்டுப்பாட்டு வால்வு தன் துளையில் தடையின்றி நழுவ வேண்டும்.

பாகங்களைத் துப்புரவாகக் கழுவி உலர்த்தியபின் புதிய சீல்களும் ஓ-வளையங்களும் எண்ணெய் தடவிப் பொருத்தப்படுகின்றன. இதழ்களின் வளைந்த விளிம்பு வளையத்தின் உட்சுவரை நோக்கியிருக்க வேண்டும். கப்பியைத் திருகுக்கருவியால் மட்டுமே ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்தால் அதிர்ச்சி தண்டு வழியே சென்று உட்பாகங்களைச் சிதைக்கும்.

மீண்டும் பொருத்துதல்

பெல்ட்டை இறுக்கும்போது மெல்லிய தகட்டாலான கலனை நெம்பக்கூடாது. சீருந்தின் கையேடு குறிப்பிடும் எண்ணெயையே ஊற்ற வேண்டும். தடை எண்ணெய் சீல்களைக் கெடுத்துவிடும். முன்சக்கரங்களை உயர்த்தி, பொறியை இயக்காமலேயே திசைமாற்றியை இருபுறமும் மெதுவாகப் பலமுறை திருப்பினால் காற்று வெளியேறும். எண்ணெய் மட்டத்தை நிரப்பிய பின்னர் பொறியை இயக்கி இதனைத் தொடரலாம். இறுதி எல்லைவரை திருப்பி அங்கேயே நிறுத்தி வைப்பின் பம்பு மிகுந்த அழுத்தத்திற்கும் வெப்பத்திற்கும் உள்ளாகும். நுரை அடங்கி, கசிவு இல்லை என உறுதிசெய்த பின்னரே சாலையில் ஓட்ட வேண்டும்.