பறை அடி தாங்காத மைக்

ராயபுரத்தில் ஒரு சாவு வீடு. இறந்தவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். விடியவிடியக் கானா பாடினார்கள், காலையில் சட்டி மேளமும் பறையுமாக ஊர்வலம் கிளம்பியது. வீட்டாரிடம் கேட்டுவிட்டு நாங்கள் எல்லாவற்றையும் பதிவு செய்தோம். பிறகு போட்டுக் கேட்டால் பாட்டு இருக்கிறது, மேளம் இல்லை. அடி விழுந்த இடமெல்லாம் கரகரவென்று கிழிந்த சத்தம். இன்னொரு நாள் ரெக்கார்டரில் அளவைப் பாதியாகக் குறைத்து எடுத்தோம். சத்தம் சின்னதானது, கிழிசல் அப்படியே இருந்தது.

"பறைன்னாலே இரைச்சல்தானே" என்பவர்களுக்கு இந்தப் பதிவு ஒன்றே போதும். அதுதான் உறுத்தியது.

கையில் இருந்தது விலை குறைந்த கண்டென்சர் மைக். அதன் கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மெல்லிய சவ்வு, பின்னால் ஒரு தகடு. ஒலி பட்டுச் சவ்வு அசைந்தால் மின்னழுத்தம் மாறும். முன்பு இதற்கு வெளியிலிருந்து உயர் மின்னழுத்தம் கொடுக்க வேண்டும், ஸ்டுடியோக்காரர்களுக்கே கட்டுப்படியாகும். 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் படலத்திலேயே மின்னேற்றத்தை நிலையாகத் தங்க வைத்தார்கள். எலெக்ட்ரெட் மைக் பிறந்தது. டேப்ரிக்கார்டர், தொலைபேசி, காது கேட்கும் கருவி என்று எங்கும் போனது.

ஜேம்ஸ் வெஸ்ட் கறுப்பினத்தவர். 1931இல் வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தில் பிறந்தவர். அறிவியல் படிக்கப் போகிறேன் என்றதும் அப்பா பயந்துபோய், முனைவர் பட்டம் வாங்கிய மூன்று கறுப்பினத்தவர்களை அவருக்குக் காட்டினாராம். மூவருக்கும் கிடைத்த நல்ல வேலை தபால் அலுவலகத்தில்தான். அவர் பிறந்த அந்த மாவட்டம், கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையரோடு உட்கார வைப்பதைவிடப் பள்ளியே வேண்டாம் என்று 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளை மூடி வைத்தது. நடுவில் வருகிறது அந்த 1962. இதை எந்தப் பாடப்புத்தகத்தில் படித்தோம்?

சரி, மைக் ஏன் கிழிகிறது? குப்பிக்குள் சவ்வோடு ஒரு குட்டி டிரான்சிஸ்டரும் இருக்கிறது. சவ்வின் மெல்லிய மின்சைகையைப் பெரிதாக்கித் தருவது அதன் வேலை. மனிதர் பேசுவது சுமார் 60 டெசிபல். பறைக்குப் பக்கத்தில் 100 தாண்டும், அதாவது ஒலியழுத்தம் நூறு மடங்குக்கும் மேல். டிரான்சிஸ்டருக்குக் கிடைப்பதோ சில வோல்ட். அதற்குமேல் சைகை எழ முடியாமல் உச்சி வெட்டுப்படுகிறது. குப்பிக்குள்ளேயே வெட்டுப்பட்டதை ரெக்கார்டரில் குறைத்து என்ன பயன்?

இதற்கு வழி சொன்னவர் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் ஹியூலட்-பேக்கார்டில் வேலை பார்த்த பொறியாளர். பானாசோனிக்கின் டபிள்யூஎம்-61ஏ என்ற 6 மில்லிமீட்டர் மைக் குப்பியை எடுத்து, பின்பக்கம் டிரான்சிஸ்டரின் ஒரு காலை உறையோடு இணைக்கும் செம்புக் கோட்டைக் கத்தியால் அறுத்தார். உறைக்குத் தனிக் கம்பி. அறுபட்ட காலிலிருந்து சைகையை எடுத்தார். டிரான்சிஸ்டர் இப்போது பெரிதாக்குவதில்லை, வந்ததை அப்படியே கடத்துகிறது. அதனால் பெரிய சத்தத்தையும் தாங்குகிறது.

ரிச்சி தெருவில் இதே வகைக் குப்பிகள் சில வாங்கினோம். திருவொற்றியூரில் டிவி ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவர் பற்றவைத்துக் கொடுத்தார், 9 வோல்ட் பேட்டரியோடு. சூடு அதிகமாகி முதல் இரண்டு செத்துப்போயின. மூன்றாவது பேசியது. ஒன்றையும் மறைக்க வேண்டாம்: மாற்றிய மைக்கில் மெல்லிய குரல் இரைச்சலில் அமுங்குகிறது. ஒப்பாரிக்கு மாற்றாத மைக்கையே வையுங்கள்.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையில் கானாவோடு பறையும் சட்டியும் நல்ல ஒலியமைப்பில் முழங்கியதைக் கேட்டிருப்பீர்கள். காசிமேட்டிலும் எண்ணூரிலும் தெருவில் அடிக்கும் பெரியவர்களுக்கு அந்த மேடை வாய்க்கவில்லை. அவர்கள் அடியை நாம்தான் பிடித்து வைக்க வேண்டும்.

புதிய மைக்கோடு அடுத்த ஊர்வலத்துக்குப் போனோம். அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் தனித்தனியாக விழுந்தன. பறை அடித்த பெரியவருக்குப் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டார்.

"மூணாவது சுத்துல பையன் பிசகிட்டான் பாரு" என்றார்.