கோடையில் உறங்கும் கண்வலிக்கிழங்கு

ஐப்பசி மழையிலே வேலி மேலே தீக்கொழுந்து மாதிரி பூக்குமே, அந்தக் கண்வலிக்கிழங்கைப் பற்றிப் பேசலாம். கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வார்கள். இதுதான் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே பூக்களின் வரிசை இதிலிருந்துதான் தொடங்குகிறது.

மலையிலும் வேலியிலும் கிடந்த கொடி வயலுக்கு எப்படி வந்தது? ஐரோப்பாவிலே இதற்கு ஓர் உறவுச் செடி உண்டு, பெயர் கோல்ச்சிகம். அதுவும் கோடையிலே மண்ணுக்குள் உறங்கி, இலையுதிர் காலத்திலே பூக்கும். 1820-இலே பெல்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் அதிலிருந்து கோல்ச்சிசின் என்ற மருந்துச் சத்தைப் பிரித்தார்கள். நம்ம புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியிலே இருந்த காலம் அது. 'கவுட்' என்கிற மூட்டு வீக்கத்துக்கு அது மருந்து. 1937-இலே அதைக் கொண்டு பயிரின் குரோமோசோமை இரட்டிப்பாக்கலாம் என்று அமெரிக்காவிலே கண்டார்கள். விதையில்லாத் தர்ப்பூசணி பிறந்தது அந்த வழியிலேதான்.

அதே சத்து நம்ம வேலிக்கொடியின் விதையிலும் கிழங்கிலும் இருக்கிறது. விதைக்கு வெளிநாட்டிலே கிராக்கி வந்தது. காட்டிலே தோண்டித் தோண்டிக் கிழங்கு அருகிப் போச்சு. பிறகு மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம், ஜெயங்கொண்டம் பக்கமெல்லாம் பந்தல் போட்டுப் பயிராக்கினார்கள். காலையிலே பூப்பூவாகக் கையாலே மகரந்தம் தொட்டு வைத்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும்.

இதன் சூட்சுமம் உறக்கம்தான். ஆனி, ஆடியிலே முளைக்கும். புரட்டாசி முதல் கார்த்திகை வரை பூக்கும். காய் முற்றியதும் கொடி காய்ந்துவிடும். அப்புறம் பாய்ச்சாதீர்கள். தண்ணீரைக் குடிக்க இலை இல்லை. ஈரம் நின்றால் கிழங்கு அழுகிவிடும். தோண்டும்போதும் கவனம் வேணும். முளைக்கண் ஒவ்வொரு விரலின் நுனியிலே மட்டும்தான். நுனி ஒடிந்தால் அந்த விரல் முளைக்காது.

ஒன்றை மட்டும் மறக்காதீங்க. மருந்தாகிற சத்தேதான் விஷமும். சமையல் கிழங்கு என்று தவறி வேகவைத்துத் தின்று உயிர் விட்டவர்கள் உண்டு. கிழங்கையும் விதையையும் பிள்ளைகள் கைக்கும் ஆடுமாட்டின் வாய்க்கும் எட்டாமல் பூட்டி வையுங்கள். யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

மேட்டுப்பாளையம் மாதிரி தொழிற்பேட்டை வந்த ஊர்களிலே வேலி ஏது, புதர் ஏது? உங்கள் கொல்லை வேலியிலே ஒரு கொடி மிச்சமிருந்தால், கோடையிலே அந்த வெறுந்தரையைக் கொத்திவிடாதீர்கள். உள்ளே கிழங்கு உறங்குகிறது.