பொது உடனடிச் செய்தி வழங்கி: ஜாபர் முதல் அரட்டை வரை

பொது உடனடிச் செய்தி வழங்கி என்பது, எவரும் கணக்குத் தொடங்கிப் பிறருடன் உடனுக்குடன் செய்தி பரிமாறிக்கொள்ள இணையத்தில் திறந்து வைக்கப்படும் கணினி அமைப்பு ஆகும். செல்பேசியில் நாம் காணும் செயலி அதன் முகப்பு மட்டுமே. கணக்குகளைக் காப்பதும், செய்தியை உரியவரிடம் சேர்ப்பதும், அவர் இணைப்பில் இல்லாதபோது அதை வைத்திருந்து பின்னர் கொடுப்பதும் வழங்கியின் வேலை. எனவே வழங்கி யார் கையில் உள்ளது என்பது இதன் வரலாறு முழுவதும் தொடரும் கேள்வியாகும்.

தோற்றம்

1996இல் இஸ்ரேலில் தோன்றிய ஐ.சி.கியூ., 1997இல் அமெரிக்காவில் வெளிவந்த ஏ.ஓ.எல். இன்ஸ்டன்ட் மெசஞ்சர், பின்னர் வந்த யாகூ மெசஞ்சர் ஆகியவை தனித்தனித் தீவுகளாகவே தொடங்கின. ஒன்றில் கணக்கு உள்ளவர் மற்றொன்றில் உள்ளவருடன் பேச இயலவில்லை. இதற்கு மாற்றாக அமெரிக்க நிரலாளர் ஜெரமி மில்லர் 1999 சனவரியில் ஜாபர் திட்டத்தை அறிவித்தார். மின்னஞ்சலைப் போலவே இதிலும் முகவரியின் பின்பாதி வழங்கியின் பெயராகும். ஒரு வழங்கியின் பயனர் வேறு எந்த வழங்கியின் பயனருக்கும் எழுதலாம். 2004இல் இணையப் பொறியியல் பணிக்குழு இந்த நெறிமுறையை எக்ஸ்.எம்.பி.பி. என்ற பெயரில் வெளியிட்டது. ஈஜாபர்டி, புரோசடி போன்ற கட்டற்ற மென்பொருள்கள் வந்தபின், ஒரு சிறு வாடகைக் கணினியிலேயே தன்னார்வலர்கள் பொது வழங்கி நடத்த முடிந்தது.

பராமரிப்பு

வழங்கியை நிறுவுவது எளிது. ஆண்டுக்கணக்கில் காப்பது கடினம். களப்பெயரையும் பாதுகாப்புச் சான்றிதழையும் காலத்தில் புதுப்பிக்க வேண்டும். பகிரப்படும் படங்களும் காணொளிகளும் வட்டை நிரப்பும். பதிவு எல்லோருக்கும் திறந்திருப்பதால் எரிதம் அனுப்புவோரும் கணக்குத் தொடங்குவர். அவர்களைத் தடுக்காவிட்டால் பிற வழங்கிகள் இணைப்பைத் துண்டிக்கும். 2014 மே 19 முதல் பல எக்ஸ்.எம்.பி.பி. வழங்கிகள் மறையாக்கம் இல்லாத இணைப்புகளை ஏற்பதில்லை என முடிவெடுத்தன.

மறையாக்கமும் முழுக்காவல் அன்று. 2023 அக்டோபரில், ரஷ்யாவின் ஜாபர்.ஆர்யூ வழங்கிக்கும் பயனர்களுக்கும் இடையே ஒட்டுக்கேட்கும் கருவி பல மாதங்களாக இயங்கியது வெளிப்பட்டது. ஒட்டுக்கேட்டவர்கள் பெற்றிருந்த சான்றிதழ் காலாவதியானதால் பயனர்களுக்கு எச்சரிக்கை தோன்ற, நிர்வாகி அதை ஆராய்ந்து உண்மையைக் கண்டறிந்தார்.

மூடிய கதவுகள்

2005இல் வந்த கூகுள் டாக், 2006இல் பிற எக்ஸ்.எம்.பி.பி. வழங்கிகளுடன் இணைந்தது. சிறு வழங்கியில் இருந்தவரும் ஜிமெயில் பயனரும் பேசிக்கொள்ள முடிந்தது. 2013இல் அறிமுகமான ஹேங்கவுட்ஸ் அந்த இணைப்பைத் தொடரவில்லை. வாட்சப்பும் தன் வழங்கிக்கு ஈஜாபர்டியையே அடித்தளமாகக் கொண்டது. ஆனால் வெளி வழங்கிகளுக்கு வழி விடவில்லை. கட்டற்ற நிரலைக் கொண்டும் மூடிய சேவை நடத்தலாம் என்பதற்கு அது சான்று.

இந்தியாவில்

இந்தியக் கட்டற்ற மென்பொருள் சமூகத்தின் தன்னார்வலர்கள் நன்கொடையைக் கொண்டு பாடரி என்ற பெயரில் எக்ஸ்.எம்.பி.பி., மேட்ரிக்ஸ் வழங்கிகளை நடத்தி வந்தனர். 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பதிவுபெற்ற பயனர்களைக் கொண்ட செய்திச் சேவைகள், அதிகாரப்பூர்வ ஆணை வந்தால், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்ட வேண்டும் என்றன. இவ்விதிகளை எதிர்த்துச் சமூகத்தைச் சேர்ந்த தன்னார்வலர் ஒருவர் கேரள உயர் நீதிமன்றத்தை நாடினார். 2023 மே மாதத்தில் அரசு தடைசெய்த 14 செயலிகளுள் மேட்ரிக்ஸ் வழங்கிகளுடன் இணையப் பயன்படும் எலமென்ட் செயலியும் இருந்தது.

சென்னையின் தென்புறநகரில்

சோழிங்கநல்லூர், பெரும்பாக்கம், தாம்பரம் எனப் பரந்துள்ள தென்புறநகரின் தெற்கே, கூடுவாஞ்சேரியை அடுத்து ஜோகோ நிறுவனத்தின் வளாகம் உள்ளது. வாட்சப்பின் தனியுரிமைக் கொள்கை மாற்றம் சர்ச்சையான 2021 சனவரியில், அந்நிறுவனம் ‘அரட்டை’ செயலியை முன்னோட்டமாக வெளியிட்டது. 2025 செப்டம்பரில் அதன் நாள்தோறுமான புதிய பதிவுகள் மூன்றே நாளில் 3,000இலிருந்து 3,50,000ஆக உயர்ந்ததாகவும், வழங்கிகள் அவசரமாகக் கூட்டப்படுவதாகவும் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். அப்போது அழைப்புகளுக்கு இருந்த முழு மறையாக்கம் செய்திகளுக்கு இல்லை என்ற விமர்சனமும் எழுந்தது. செய்திச் சேவைகள் மின்னஞ்சலையும் யு.பி.ஐ.யையும் போல ஒன்றோடொன்று பேச வேண்டும் என்றும் வேம்பு கூறினார்.

ஜாபர் 1999இல் முன்வைத்ததும் இதையே. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம், 2024 மார்ச் முதல் வாட்சப் போன்ற பெருஞ்சேவைகள் பிற சேவைகளுடன் இணைய வழி செய்ய வேண்டும் எனக் கட்டாயப்படுத்துகிறது. வழங்கி உள்ளூரில் இருப்பதாலோ கட்டணம் இல்லாததாலோ மட்டும் ஒரு சேவை பொதுவாகிவிடாது. தன் தொடர்புகளை இழக்காமல் பயனர் வேறு வழங்கிக்கு மாற முடிவதே அதற்கான அளவுகோல்.